கரியோடு கல் ஏன் வருகிறது?

பெருந்துறைப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "லாரியில் வந்து இறங்கும் நிலக்கரியில் கால் பங்கு கல்லாக இருக்கிறது. கேட்டால், மெல்லிய அடுக்கில் வெட்டிய கரி அப்படித்தான் இருக்கும் என்கிறார் வியாபாரி. அடுக்கு மெல்லியதாக இருந்தால் கல் ஏன் வர வேண்டும்? கரியை மட்டும் வெட்டி எடுக்க முடியாதா? முடியாதென்றால் அப்படிப்பட்ட இடத்தை எதற்குத் தோண்டுகிறார்கள்?"

வியாபாரி சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றப் பாதிக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் திருச்செங்கோட்டுக்காரன். எங்கள் ஊர் ஆள் என்றால் துளை போடும் ரிக் வண்டியில் ஏறியிருப்பான் என்பது ஊரறிந்த விஷயம். நானும் ஏறினேன். ஆழ்துளைக் கிணறு போடப் போனவன் கோதாவரிப் படுகையில் நிலக்கரிக்குத் துளை போடும் வேலையில் ஒட்டிக்கொண்டேன். பிறகு பரீட்சை எழுதி, சுரங்கத்துக்குள் ஓவர்மேனாக, அதாவது மேற்பார்வையாளனாக, 19 ஆண்டுகள் இருந்தேன். இப்போது மஞ்சளும் மரவள்ளியும்தான். ஆனாலும் கரித்துண்டு ஒன்று கையில் கிடைத்தால் எடை பார்க்காமல் கீழே போட மனம் வருவதில்லை.

நம் மண்ணில் எத்தனை ஆயிரம் அடி துளைத்தாலும் நிலக்கரி வராது. சென்னிமலையும் சங்ககிரியும் திருச்செங்கோட்டு மலையும் நிற்கும் இந்தப் பாறைகளுக்கு வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு, சில இடங்களில் அதற்கும் மேல். பூமியில் மரம் என்று ஒன்று தோன்றி 40 கோடி ஆண்டுகூட ஆகவில்லை. மரமே இல்லாத காலத்துப் பாறைக்குள் கரி எப்படி இருக்கும்? இந்தியாவின் பெரும்பாலான நிலக்கரி 25 முதல் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் கோதாவரி, தாமோதர், மகாநதி, சோன் நதிகளின் பழம்பள்ளங்களில் படிந்தது. கொங்கு நாட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதனால்தான் கல்லைப் பார்த்தவுடன் இனம் கண்டுகொள்ளும் நம் ஆட்கள்கூடக் கரி விஷயத்தில் வியாபாரி வாயைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கரி அடுக்கு என்றவுடன் கறுப்புக் கேக் போல ஒரே சீரான கட்டி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். துளையிட்டு எடுத்த பாறைத் தண்டைப் பெட்டியில் வரிசையாக அடுக்கி வைப்போம். அதை முதன்முதலில் பார்த்தபோது எனக்குப் பவானி ஜமக்காளம்தான் நினைவுக்கு வந்தது. கறுப்புப் பட்டை, சாம்பல் பட்டை, மறுபடி கறுப்பு, நடுவே விரற்கடை அகலத்தில் ஒரு வெளிர்கோடு. கறுப்பு கரி. சாம்பல் நிறம் களிப்பாறை, அதாவது சேறு இறுகிக் கல்லானது. காடும் சதுப்பும் செழித்த காலத்தில் செடி மக்கிக் கரியானது. ஆறு பெருகி வண்டலைக் கொண்டுவந்து கொட்டிய காலத்தில் அதன்மேல் சேறு படிந்தது. மறுபடி செடி, மறுபடி சேறு. ஒவ்வொரு வெள்ளமும் ஜமக்காளத்தில் ஒரு சாம்பல் கோட்டை நெய்துவிட்டுப் போயிருக்கிறது.

இந்தியக் கரியில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஐரோப்பாவின் பழைய கரி பெரும்பாலும் நின்ற இடத்திலேயே மக்கிய சதுப்பிலிருந்து வந்தது. நம்முடையதோ, பெரும்பாலோர் ஏற்கும் விளக்கப்படி, வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட மரம் மட்டையும் சேறும் கலந்து படிந்தது. ஆகவே சேறு பட்டையாக மட்டும் நிற்காமல் கரியின் நார் நாராகவும் ஊறியிருக்கிறது. இதை நாங்கள் பிறவிச் சாம்பல் என்போம். நம் நாட்டு அனல்மின் கரியில் நூற்றுக்கு 30 முதல் 45 பங்கு சாம்பல் என்பது சாதாரணம். சுத்தமான கறுப்புத் துண்டாகத் தெரிவதை எரித்தாலும் கைநிறையச் சாம்பல் மிஞ்சும்.

ஆக, அழுக்கு இரண்டு வகை. கூடப் பிறந்தது ஒன்று, வெட்டும்போது ஒட்டிக்கொண்டது ஒன்று. மெல்லிய அடுக்கு இந்த இரண்டாவது அழுக்கைத்தான் கூட்டுகிறது. எப்படியென்று ஒரு கணக்கில் பார்த்துவிடலாம்.

90 சென்டிமீட்டர் தடிமனுள்ள அடுக்கு ஒன்று. அதாவது நம் இடுப்பளவு. அதற்குள் வெட்டும் இயந்திரம் நுழைய வேண்டும், வெட்டிய கரியை இழுத்துச் செல்லும் வண்டி நுழைய வேண்டும், ஆளும் நுழைய வேண்டும். இயந்திரத்துக்குக் குறைந்தது 1.3 மீட்டர் உயரம் தேவை என்று வைத்துக்கொள்வோம். குறைகிற 40 சென்டிமீட்டருக்கு எங்கே போவது? கூரையில் வெட்ட வேண்டும், அல்லது தரையில் வெட்ட வேண்டும். இரண்டுமே கல்.

ஒரு சதுர மீட்டர் பரப்பை எடுத்துக்கொள்வோம். நீரின் அடர்த்தியை 1 என்று வைத்து, கரியின் அடர்த்தி 1.4 என்றால் 90 சென்டிமீட்டருக்கு 1.26 டன் கரி கிடைக்கும். களிப்பாறையின் அடர்த்தி 2.4 என்றால் 40 சென்டிமீட்டருக்கு 0.96 டன் கல். மொத்தம் 2.22 டன். உயரத்தில் பார்த்தால் கல் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எடையில் பார்த்தால் நூற்றுக்கு 43. கல் கனமானது என்பதை எல்லோரும் அறிவோம், ஆனால் அது கணக்கில் செய்யும் வேலையை எழுதிப் பார்த்தால்தான் உறைக்கும். அந்தக் கரியிலேயே நூற்றுக்கு 25 பிறவிச் சாம்பல், களிப்பாறையில் நூற்றுக்கு 90 சாம்பல் என்று கொண்டால், வெளியே வரும் கலவையில் சாம்பல் நூற்றுக்கு 53. பாதிக்கு மேல் எரியாத பொருள். நல்ல கரி இருந்த இடத்திலிருந்துதான் இது வந்தது. கரியில் குறையில்லை, உயரத்தில்தான் குறை.

இது இயந்திரம் தேவைக்கு மேல் ஒரு விரற்கடைகூட வெட்டாத கணக்கு. உண்மையில் கூரைக் களிப்பாறை பல இடங்களில் இலை இலையாகப் பிரிந்திருக்கும். கீழே கரியை எடுத்தவுடன் அதுவும் கூடவே சரிந்து விழும். அதைத் தனியே பொறுக்கி ஒதுக்க மெல்லிய அடுக்கில் இடம் ஏது? கரியோடு கரியாக அதையும் அள்ளி அனுப்புவார்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஆயிரம் டன் கரி வேண்டும். 6 மீட்டர் தடித்த அடுக்கானால் ஏறக்குறைய 3 சென்ட் நிலப்பரப்புக்குக் கீழே உள்ளதை எடுத்தால் போதும். 90 சென்டிமீட்டர் அடுக்கானால் 20 சென்ட். கூரைக்கு முட்டுக் கொடுப்பது, காற்றோட்டம் செய்வது, தண்டவாளமோ பெல்ட்டோ நீட்டுவது, தண்ணீர் இறைப்பது எல்லாம் பரப்பைப் பொறுத்த செலவு. அந்தச் செலவு ஆறேழு மடங்காகிறது, கரி அதே ஆயிரம் டன்தான். மத்தியப் பிரதேசத்தின் சிங்ரௌலியில் ஜிங்குர்தா என்ற அடுக்கு 130 மீட்டருக்கும் மேல் தடிமன். அங்கே நிற்பவன் கரிமலையின் அடிவாரத்தில் நிற்கிறான். 90 சென்டிமீட்டர் அடுக்கில் ஊர்கிறவனும் அவனும் ஒரே சந்தையில் ஒரே பொருளை விற்க வேண்டும். நம் நாட்டின் கரி இருப்புக் கணக்கில் பொதுவாக 0.9 மீட்டரும் அதற்கு மேலும் உள்ள அடுக்குகளையே சேர்க்கிறார்கள் என்பதில் வியப்பில்லை.

மெல்லிய அடுக்குக்கு ஒரே ஒரு நல்ல குணம்: எடுத்தபின் மேலே நிலம் அவ்வளவாகத் தாழாது. அதைத் தவிர அதைப் புகழ என்னிடம் ஒன்றுமில்லை.

"கரியை மட்டும் வெட்ட முடியாதா" என்ற கேள்விக்கு, முடியும் என்பதே பதில். யார் வெட்டுவது, என்ன விலையில் என்பதுதான் பாக்கி.

இயந்திர வழி சில உண்டு. ஜெர்மானியர்கள் கரிச்சுவரின் நீளத்துக்குச் சங்கிலியால் இழுபடும் ஒரு கலப்பையை உருவாக்கினார்கள். நம் ஏர் மண்ணைக் கீறுவது போல அது கரியைச் சில அங்குலம் சீவிக்கொண்டே போகும். ஆள் அருகில் நிற்க வேண்டாம், ஆகவே ஆளுயரமும் வேண்டாம். அந்தத் திறமையெல்லாம் இருந்தும் ஜெர்மனியின் கடைசி நிலத்தடி நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. ஆழமும் கூலியும் சேர்ந்தபோது இறக்குமதிக் கரியோடு அது போட்டியிட முடியவில்லை. போலந்தில் லூப்ளின் பகுதியில் ஒன்றரை மீட்டர் உயர அடுக்குகளில் இந்தக் கலப்பை இன்னும் ஓடுகிறது.

இன்னொரு வழி நம் விவசாயிகளுக்குப் புதிதல்ல. கிணற்றில் தண்ணீர் வற்றினால் அடியில் இறங்கி, பக்கச் சுவரில் சைடு போர் போடுகிறோம் அல்லவா? நூறு, இருநூறு அடி பாறைக்குள் கிடைமட்டமாகத் துளைத்து ஊற்றுக்கண்ணைத் தேடுகிறோம். திறந்தவெளிச் சுரங்கத்தில் மேல்மண்ணை இனி வாரிக் கட்டுப்படியாகாது என்ற நிலை வரும்போது, எதிரே நிற்கும் செங்குத்துச் சுவரில் தெரியும் கரிக்கோட்டுக்குள் இப்படித்தான் துளைத்துப் போகிறார்கள். ஆள் வெளியே, வெட்டும் தலை மட்டும் உள்ளே. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் இது பழைய வழக்கம். இங்கும் மத்தியப் பிரதேசத்தின் சொஹாக்பூர் கரிவயலில் செய்திருக்கிறார்கள். துளைகளுக்கு நடுவே சுவர்களை விட்டாக வேண்டும் என்பதால் கரியில் பெரும்பங்கு உள்ளேயே தங்கிவிடும். எனக்குப் பிடித்த முறை இதுதான். கரி போனால் போகட்டும், ஆள் உள்ளே போகவில்லை.

ஏனென்றால் இயந்திரத்துக்கு இடம் பற்றாத அடுக்கில் மனிதனை நுழைப்பதுதான் நெடுங்கால வழக்கம். உயரத்தைக் கூட்டினால் கல் வரும். ஆகவே உயரத்தைக் கூட்டாமல் ஆளைக் குறுக்கினார்கள். இங்கிலாந்தின் சாமர்செட் கரிவயலில் அடுக்குகள் மிக மெல்லியவை. அங்கே இடுப்பில் கயிற்றுப் பட்டை கட்டி, அதிலிருந்து ஒரு சங்கிலியைக் கால்களுக்கிடையே விட்டு, பின்னால் கரி ஏற்றிய சறுக்குவண்டியை மாட்டி, நான்கு காலில் தவழ்ந்து இழுத்தார்கள். இது 1940கள் வரை நடந்தது. அதற்கும் முன், மட்டக்குதிரைகூட நுழைய முடியாத வழிகளில் பிள்ளைகளைவிட்டு இழுக்கச் செய்தார்கள். பெண்களும் 10 வயதுக்குட்பட்ட சிறுவர்களும் சுரங்கத்துக்குள் வேலை செய்யக் கூடாதென்று பிரிட்டனில் சட்டம் வந்தது 1842இல்தான்.

நம் நாட்டில் இது பழங்கதை ஆகவில்லை. மேகாலயாவின் ஜைந்தியா மலைகளில் கரி அடுக்குகள் பல இடங்களில் ஒரு மீட்டரைச் சுற்றியே இருக்கின்றன. குழி வெட்டி இறங்கி, பக்கவாட்டில் எலி வளை போல நெளிந்து போய்க் கையால் வெட்டுகிறார்கள். கல்லை வெட்டுவதில்லை, ஏனென்றால் கல்லை வெட்டினால் கூலி கிடையாது. ஆகவே அந்தக் கரியில் சாம்பல் குறைவுதான்! தம்பி கேட்ட "கரியை மட்டும் வெட்டுவது" இதுதான். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 ஏப்ரலில் இதற்குத் தடை விதித்தது. அதன் பிறகும் 2018 டிசம்பர் 13ஆம் நாள் அங்கே க்சான் என்ற இடத்தில் இப்படிப்பட்ட சுரங்கம் ஒன்றில் வெள்ளம் புகுந்து 15 பேர் சிக்கினார்கள். எலிவளைத் தோண்டிகளின் கைத்திறனை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2023 நவம்பரில் உத்தராகண்டின் சில்க்யாரா சுரங்கப்பாதையில் 41 பேர் சிக்கியபோது பெரிய துளை இயந்திரம் உடைந்து நின்றது. மீதிச் சில மீட்டரைக் கையால் தோண்டித் திறந்தவர்கள் இந்தத் தொழில் தெரிந்தவர்கள்தான். திறமை வேறு, அதை எங்கே கொண்டுபோய் வைக்கிறோம் என்பது வேறு.

மேகாலயக் கரிக்குச் சாம்பல் குறைவு என்றேன். ஆனால் கந்தகம் அதிகம், நூற்றுக்கு 2 முதல் 7 வரை. இது வேறு வகை அழுக்கு. கரியில் கந்தகம் பல உருவில் இருக்கும். அதில் ஒன்று இரும்போடு சேர்ந்த பைரைட், தங்கம் போல மினுங்கும். காற்றும் நீரும் பட்டால் அது அமிலமாகும். கைவிட்ட வளைகளிலிருந்து கசிந்த நீர் அங்கே ஆறுகளைப் புளிக்க வைத்துவிட்டது. பாய்லர் வைத்திருப்பவருக்கும் கந்தகம் வேண்டாத விருந்தாளி. புகைவழியின் குளிர்ந்த முனையில் அமிலமாகப் படிந்து தகட்டை அரிக்கும்.

கல்லை வெட்டும் இயந்திர வழிக்குத் திரும்பினால், அங்கே விலை கொடுப்பது நுரையீரல். கரித்தூசியும் கெட்டதுதான், ஆனால் கல்தூசியில் உள்ள சிலிக்கா அதைவிடக் கொடியது. அப்பலாச்சியாவில் தடித்த அடுக்குகள் தீர்ந்து, இயந்திரங்கள் கரியோடு கல்லையும் அதிகமாக வெட்டத் தொடங்கிய பின், ஒழிந்துவிட்டதாக நினைத்த கரிநுரையீரல் நோய் அதன் மிக மோசமான வடிவில் திரும்பி வந்தது. வர்ஜீனியாவின் தென்மேற்கில் மூன்று மருத்துவ நிலையங்களில் மட்டும் 2013 முதல் 2017 வரை 416 பேருக்கு அந்த முற்றிய வடிவம் கண்டறியப்பட்டது. கல் உடைக்கும் கிரஷர் பக்கம் வேலை செய்தவர்களுக்கு இந்த இருமலின் ஓசை தெரிந்திருக்கும்.

சரி, கல்லோடு வந்த கரியைச் சுத்தம் செய்ய முடியாதா? முடியும். எப்படியென்று நம் பாட்டிமார்களைக் கேட்டாலே சொல்வார்கள்.

முன்பெல்லாம் அரிசியில் கல் இருக்கும். அரிக்கன்சட்டியில் அரிசியைப் போட்டுத் தண்ணீர் விட்டு, சட்டியை மெதுவாக ஆட்டினால் அரிசி எழும்பி நீரோடு அடுத்த பாத்திரத்துக்குப் போகும். கனமான கல் உட்புற வரிகளில் தங்கிவிடும். கரி கழுவும் ஆலையில் ஜிக் என்ற இயந்திரம் செய்வது இதே வேலை. சல்லடை மேல் கரியைப் பரப்பி, கீழிருந்து நீரை மூச்சு விடுவது போல ஏற்றி இறக்குவார்கள். கரி மேலே மிதந்து வரும், கல் கீழே அமரும்.

அதைவிட நுட்பமான முறையும் உண்டு. நீரின் அடர்த்தி 1. கரிக்கு 1.3 முதல் 1.5 வரை, களிப்பாறைக்கு 2.2க்கு மேல். இரண்டும் நீரில் மூழ்கும். நீரையே கனமாக்கி 1.5 அல்லது 1.6 ஆக்கிவிட்டால் கரி மிதக்கும், கல் மூழ்கும். நீரைக் கனமாக்க மேக்னடைட் என்ற காந்த இரும்புக்கல்லை மாவாக அரைத்துக் கலக்குகிறார்கள். சேலத்துக் கஞ்சமலையின் கறுப்பு வரிப்பாறையில் இருப்பதும் இதே கனிமம்தான். வேலை முடிந்ததும் காந்த உருளையை வைத்து அந்த மாவை மீட்டு மறுபடி பயன்படுத்துவார்கள். நான் பார்த்த தொழில்நுட்பங்களில் இவ்வளவு எளிய யோசனை இவ்வளவு பெரிய வேலையைச் செய்வது வேறில்லை.

ஆனால் பிறவிச் சாம்பலிடம் இது தோற்றுவிடும். கரியோடு களி நார் நாராக ஊறிய துண்டு, அரை கல் அரை கரி. அதன் அடர்த்தி 1.6ஐச் சுற்றியே நிற்கும். அது மிதக்கவும் மாட்டாது, மூழ்கவும் மாட்டாது. எந்தப் பக்கம் தள்ளினாலும் நட்டம்: கரிப்பக்கம் தள்ளினால் சாம்பல் கூடும், கல்பக்கம் தள்ளினால் எரியக்கூடியது குப்பைக்குப் போகும். இந்தியக் கரியில் இந்த நடுத்தரத் துண்டுகள் ஏராளம். மெல்லிய அடுக்கில் வெட்டும்போது ஒட்டிய கல்லை ஆலை நன்றாகவே கழுவிவிடும். கூடப் பிறந்ததைக் கழுவ வேண்டுமானால் பொடிப்பொடியாக அரைக்க வேண்டும். அப்படி அரைத்த கரி ஈரத்தைக் குடித்துக்கொண்டு விடாது. கழுவிய பயனில் ஒரு பங்கை அந்த ஈரம் தின்றுவிடும்.

அப்படியானால் எதற்குத் தோண்டுகிறார்கள்? கரியின் சாதியைப் பொறுத்தது. காற்றில்லாமல் சூடாக்கினால் உருகிக் கூடி, உறுதியான கோக் ஆகும் கரி உலகில் எங்கும் கிடைப்பதில்லை. இரும்பு உருக்க அது வேண்டும். கோயம்புத்தூர் வார்ப்பட ஆலைகளில் இரும்பு உருக்கும் குப்போலா உலை வைத்திருப்பவர்களுக்குக் கோக்கின் விலை தெரியும். இங்கிலாந்தின் டர்ஹாமில் 60 சென்டிமீட்டர் அடுக்கிலும் ஆள் பக்கவாட்டில் படுத்து வெட்டியதற்குக் காரணம் அதுதான். பொருள் விலை போகுமானால் மனிதன் எவ்வளவு மெல்லிய கோட்டையும் துரத்துவான். சேலத்தில் ஏற்காடு அடிவாரத்து வெள்ளைக்கல் சுரங்கங்களைப் பாருங்கள். மேக்னசைட் அங்கே அடுக்காகக்கூட இல்லை, பாறையில் நரம்பு நரம்பாக ஓடுகிறது. மலையளவு பாறையை உடைத்து, நரம்பைப் பிரித்து, ஒட்டிய சிலிக்காவைச் சுத்தியால் கையால் தட்டி எடுக்கிறார்கள். எஃகு உலையின் சூட்டைத் தாங்கும் செங்கலுக்கு அது வேண்டும் என்பதால் கட்டுப்படியாகிறது. வெறும் நீராவிக்கு எரிக்கும் கரிக்கு அந்த உழைப்பு கட்டுப்படியாகாது. 90 சென்டிமீட்டர் அடுக்கும் நடுவே இரண்டு கல்பட்டையுமாக இருக்கிற சாதாரணக் கரியை மண்ணிலேயே விட்டுவிட வேண்டும் என்பதே என் கட்சி. எடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால், தடித்த அடுக்கைத் திறந்தவெளியில் வெட்டும்போது வழியில் குறுக்கிடும் மெல்லிய அடுக்கைச் சீவி எடுக்கலாம். இப்போது உருளைப் பற்களால் அடுக்கடுக்காகச் சீவும் இயந்திரங்கள் ஒடிசாவில் நிறைய ஓடுகின்றன. வெடி வைக்காததால் கரியும் கல்லும் கலப்பது குறைகிறது.

கல்லைச் சுமப்பவர் கடைசியில் யார் என்பதற்கு மேட்டூரைவிட நல்ல உதாரணம் இல்லை. மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு ஒடிசாவின் தால்சேர் பக்கத்திலிருந்து கரி ரயிலில் பாராதீப் துறைமுகம் வந்து, கப்பலில் எண்ணூர் வந்து, மறுபடி ரயில் ஏறி மேட்டூர் வருகிறது. ஒரு ரயிலில் ஏறக்குறைய 4,000 டன். நூற்றுக்கு 40 சாம்பல் என்றால் 1,600 டன் சாம்பல் கடல் கடந்து நம் ஊருக்கு யாத்திரை வந்திருக்கிறது. 500 கிலோமீட்டருக்கு அப்பால் போகும் கரியில் சாம்பல் நூற்றுக்கு 34ஐத் தாண்டக் கூடாதென்று 2014இல் மத்திய அரசு விதி போட்டது. 2020 மே மாதம் அதை எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரியல்ல என்பது என் கருத்து. சாம்பலைச் செங்கலாகவும் சிமெண்டாகவும் மாற்றலாம் என்பார்கள். மாற்றலாம், ஆனால் ரயில் கட்டணம் திரும்பி வராது.

இனி வியாபாரியின் மற்றப் பாதி. தம்பி, முதலில் பில்லைப் பாருங்கள். அதில் இந்தோனேசியக் கரி என்று எழுதியிருந்தால், மெல்லிய அடுக்குக் கதை பொருந்தாது. அங்கிருந்து நம் பட்டறைகளுக்கு வருவது பெரும்பாலும் பெரிய திறந்தவெளிச் சுரங்கத்துக் கரி. ஈரம் அதிகம், சாம்பல் மிகக் குறைவு. அதில் கால் பங்கு கல் இருந்தால் அது வெட்டிய இடத்தில் சேர்ந்ததல்ல, கொட்டிய இடத்தில் சேர்ந்தது.

கல்லே சாட்சி சொல்லும். கரியோடு பிறந்த கல் பெரும்பாலும் களிப்பாறையாக இருக்கும்: மங்கிய சாம்பல் அல்லது கருஞ்சாம்பல் நிறம், பளபளப்பு இருக்காது, நகத்தால் நெம்பினால் தகடு தகடாகப் பிரியும். கொஞ்சம் மணற்கல்லும் இருக்கலாம். நெருப்பில் போட்டால் எரியாமல், போன வடிவத்திலேயே வெளுத்தோ சிவந்தோ திரும்பி வரும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆலையில் இப்படி ஒரு குவியலை என்னிடம் காட்டினார்கள். கையில் எடுத்துத் துடைத்துப் பார்த்தால், வெள்ளையும் கறுப்பும் வரிவரியாக ஓடும் அசல் நம்மூர்ப் பாறை. நம் பக்கத்துக் கிரஷரில் உடைத்த முக்கால் அங்குல ஜல்லி! 250 கோடி ஆண்டுப் பாறை 25 கோடி ஆண்டுக் கரிக்குள் எப்படிப் புகுந்தது என்று கேட்டேன். சப்ளை செய்தவரிடமிருந்து பதில் வரவில்லை, அடுத்த லாரி மட்டும் சுத்தமாக வந்தது.

கரியை எடைக்கு வாங்காதீர்கள், சூட்டுக்கு வாங்குங்கள். இந்தியக் கரிக்கு 2012 முதல் கிலோவுக்கு எத்தனை கிலோ கலோரி என்பதை வைத்து ஜி1 முதல் ஜி17 வரை தரம் பிரித்திருக்கிறார்கள். ஜி1 என்றால் 7,000க்கு மேல், ஜி17 என்றால் 2,200 முதல் 2,500 வரை. உதாரணத்துக்கு, 5,000 கிலோ கலோரிக் கரி டன் 9,000 ரூபாய், 3,500 கிலோ கலோரிக் கரி டன் 7,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னதில் ஆயிரம் கிலோ கலோரி 1 ரூபாய் 80 காசு, பின்னதில் 2 ரூபாய். மலிவானது எது? கிரேட் என்ற அடுப்புச் சட்டத்தில் சாம்பல் உருகிக் கிளிங்கராக இறுகி, அதைக் கம்பி போட்டு உடைக்க ஷிப்டுக்கு ஒருமுறை தீயைத் தணிக்கும் நட்டமும், சாம்பல் அள்ளும் கூலியும் இந்தக் கணக்கில் இன்னும் ஏறவில்லை.

பரிசோதனைக்கு மாதிரி எடுப்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். லாரியின் மேல்பரப்பில் ஒரு கை அள்ளி ஆய்வகத்துக்கு அனுப்புவது வீண் செலவு. கொட்டும்போது தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் பல இடங்களில் எடுங்கள். பெரிய கட்டிகளையும் விடாமல் உடைத்துச் சேருங்கள், ஏனென்றால் கல் பெரும்பாலும் கட்டியாகத்தான் ஒளிந்திருக்கும். எல்லாவற்றையும் கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை ஒதுக்கிவிட்டு மீதியை மறுபடி குவியுங்கள். ஒன்றிரண்டு கிலோ ஆகும்வரை இப்படியே செய்து, ஈரம் போகாமல் பையில் கட்டி அனுப்புங்கள். ஆய்வகத்தில் 815 டிகிரிச் சூட்டில் எரித்துச் சாம்பலை நிறுப்பார்கள். கலோரி மதிப்பைக் கேட்கும்போது வந்த நிலையிலா, காற்றில் உலர்ந்த நிலையிலா என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள். ஈரக் கரியில் இந்த இரண்டுக்கும் இடையே நூற்றுக்கணக்கான கிலோ கலோரி வித்தியாசம் வரும், அந்த இடைவெளியில் பிழைப்பு நடத்துபவர்கள் உண்டு.

உப்புத்தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்க்கலாம் என யாரோ சொல்லிக் கேட்டிருப்பீர்கள். வேண்டாம். உப்பை எவ்வளவு கரைத்தாலும் அடர்த்தி 1.2க்கு மேல் போகாது, நல்ல கரியும் மூழ்கிவிடும். நல்லவரையும் திருடராக்கிவிடும் பரிசோதனை அது.

அடுத்த லாரி வரும்போது கற்களை மட்டும் ஒரு வாளி பொறுக்கித் தண்ணீரில் கழுவி வெயிலில் காய வையுங்கள். நிறம் என்ன, தகடாகப் பிரிகிறதா, உடைத்த முனை கூராக இருக்கிறதா என்று எழுதி அனுப்புங்கள். அது கோதாவரிக் கல்லா, பெருந்துறைக் கல்லா என்று சொல்லிவிடுகிறேன்.